2024–25 பனிச்சறுக்குத் தாவல் பருவம்: இதை எந்த நாளால் நினைவில் வைத்துக்கொள்வது?

பொங்கோல் பனிப்பித்தன்
5 ஏப்ரல் 2025, இரவு 10.12

பிளானிட்சாவில் பருவம் முடிந்து ஆறு நாள்கள் ஆகின்றன. நவம்பர் பிற்பகுதியில் நார்வேயின் லில்லஹாமரில் தொடங்கி மார்ச் 30-ஆம் தேதி ஸ்லோவேனியாவில் முடியும்வரை, துணி காயாத மழை மாதங்கள் முழுவதும் சிங்கப்பூரின் பொங்கோலில் உள்ள வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஆண்கள் போட்டிகளில் பெரும்பாலானவற்றையும் பெண்கள் போட்டிகளில் முடிந்தவற்றையும் பார்த்துவிட்டேன். பனியைக் குளிர்பதனப் பெட்டியின் உள்சுவரில் மட்டுமே கண்டு வளர்ந்தவனுக்கு இதில் ஏன் இத்தனை பித்து என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

நான் கேட்க வந்தது வேறு. சில பருவங்களுக்கு ஒரே ஒரு நாள் முகமாக நின்றுவிடுகிறது. 2001–02 என்றதும், புத்தாண்டை ஒட்டி ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடக்கும் நான்கு மலைத் தொடரின் நான்கு போட்டிகளையும் ஸ்வென் ஹன்னவால்ட் ஒருவரே முதன்முறையாக வென்று முடித்த ஜனவரி 6 நினைவுக்கு வரும். 2014–15 என்றதும், நார்வேயின் விக்கர்சுண்டில் பீட்டர் பிரெவ்ட்ஸ் முதல் ஆளாக 250 மீட்டரைத் தொட்டதும் மறுநாளே ஆண்டர்ஸ் ஃபன்னமல் 251.5 மீட்டர் பறந்து அதைப் பறித்துக்கொண்டதும் நினைவுக்கு வரும். இந்தப் பருவத்துக்கு எந்த நாள்?

என் தெரிவு 6 ஜனவரி 2025, இந்த ஆண்டு நான்கு மலைத் தொடரின் கடைசி நாள். ஓபர்ஸ்டார்ஃபில் ஸ்டெஃபான் கிராஃப்ட், புத்தாண்டு நாளில் கார்மிஷில் டானியல் சோஃபெனிக், இன்ஸ்ப்ருக்கில் மறுபடியும் கிராஃப்ட் என்று மூன்று போட்டிகள் முடிந்திருந்தன. கிராஃப்ட், யான் ஹெர்ல், சோஃபெனிக் ஆகிய மூன்று ஆஸ்திரியர்களும் ஒன்றரைப் புள்ளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நான்காவது போட்டிக்குப் பிஷோஃப்ஸ்ஹோஃபனுக்கு வந்தார்கள். நமக்கு இரவு 11.30 மணிக்குத் தொடங்கியது. கடைசி ஆளாகக் கிராஃப்ட் மலை உச்சியில், சறுக்கத் தொடங்கும் உத்தரத்தில் உட்கார்ந்திருந்தபோது காற்று ஒத்துவரவில்லை. காத்திருக்கச் சொன்னார்கள், அவர் காத்திருந்தார். கீழே இளைஞர் சோஃபெனிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார், மேலே முப்பதைக் கடந்த கிராஃப்ட் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருக்கிறார். இறுதியில் சோஃபெனிக் 1,194.4, ஹெர்ல் 1,193.0, கிராஃப்ட் 1,190.3. கிராஃப்ட் 2015-இல் வென்றதற்குப் பிறகு ஆஸ்திரியாவுக்குக் கிடைத்த முதல் தங்கக் கழுகு, அதாவது அந்தத் தொடரின் வெற்றிக் கோப்பை, அது. உலகக் கிண்ணத்தின் ஒட்டுமொத்தப் பட்டியலும் பருவ முடிவில் இதே வரிசையில்தான் அமைந்தது என்பதால், அந்த ஓர் இரவுக்குள் பருவமே அடங்கிவிட்டது என்பேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஈசூன் கணக்காசிரியர்
6 ஏப்ரல் 2025, காலை 8.47

நண்பரின் விவரிப்பு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த 1.4 புள்ளியைச் சற்று உரித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு மலைகளும் பெரிய மலைகள். அவற்றில் கே புள்ளி எனப்படும் குறியை எட்டினால் 60 புள்ளிகள். அதற்கு மேல் கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 கூடும், குறைந்தால் அதே கணக்கில் கழியும். ஆக, 1.4 புள்ளி என்பது ஏறத்தாழ 78 சென்டிமீட்டர். அதுவும் ஒரு தாவலில் அல்ல, நான்கு போட்டிகளில் தலா இரண்டு என எட்டுத் தாவல்களில் பரவிய தொகை. ஒரு தாவலுக்குப் பத்து சென்டிமீட்டர்கூடத் தேறாது. தூரத்தையோ அரை மீட்டர் அரை மீட்டராகத்தான் குறிக்கிறார்கள்.

அத்துடன் நடுவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நடுவர்கள் தலா 20-க்கு மதிப்பெண் இடுகிறார்கள், மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நீக்கப்படுகின்றன, எஞ்சிய மூன்று கூட்டப்படுகின்றன. மதிப்பெண் அரைப் புள்ளி ஏற்ற இறக்கத்தில் வரும். எட்டுத் தாவல்களில் கணக்கில் சேரும் மதிப்பெண்கள் இருபத்து நான்கு. அவற்றுள் மூன்று மட்டும் அரைப் புள்ளி மாறியிருந்தால் 1.5 வந்துவிடும், கழுகு ஹெர்லின் வீட்டுக்குப் போயிருக்கும். ஒரு காலை முன்னே வைத்து மடங்கி இறங்கும் டெலிமார்க் தரையிறக்கத்தில் ஒரு முழங்கால் எவ்வளவு மடங்கியது என்பதை மூன்று மனிதர்கள் சற்று வேறுவிதமாகப் பார்த்திருந்தால் போதும்.

காற்றுக் கழிவும் உண்டு. எதிர்க்காற்று தாவுபவரைத் தாங்கிப் பிடிக்கும் என்பதால் அவருக்குப் புள்ளி குறையும். பின்காற்று அமுக்கும் என்பதால் கூடும். மலையோரம் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறார்கள். 2009-10 பருவத்தில் சோதனையாகத் தொடங்கிய முறை இது, நேர்மையானதுதான். ஆயினும் சராசரி சராசரிதான், அவர் பறந்த நொடியில் அவருடைய சறுக்குப் பலகைக்கு அடியில் இருந்த காற்று அல்ல. சோஃபெனிக் தகுதியானவர் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. பருவம் முழுவதும் அதைக் காட்டிவிட்டார். ஆனால் ஜனவரி 6-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், மூவருக்கும் இடையில் அளவுகோலே ஏறத்தாழக் கைவிரித்துவிட்டது.

என் தெரிவு மார்ச் 30. பிளானிட்சாவில் டோமன் பிரெவ்ட்ஸ் 254.5 மீட்டர் பறந்தார். கிராஃப்ட் 2017 மார்ச் 18-இல் விக்கர்சுண்டில் எட்டிய 253.5, எட்டு ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது. வடக்கு தெற்குத் தடத்தில் ஓடும் ஆறு பெட்டி ரயிலின் நீளம் ஏறத்தாழ 140 மீட்டர். நேற்று மாலை ஈசூன் நடைமேடையில் முதல் கதவிலிருந்து கடைசிக் கதவுவரை காலடி எண்ணி நடந்து பார்த்தேன் (பக்கத்தில் நின்ற மூதாட்டி என்ன தொலைந்துவிட்டது என்று கேட்டார்). அப்படி இரண்டு ரயில்களை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் எவ்வளவோ, அதில் 25 மீட்டர்தான் குறைவு. அவ்வளவு தூரம் ஒரு மனிதர் மரக்கட்டையைப் போல நீண்டு படுத்தவாறு காற்றில் போகிறார். இதற்கு நடுவரும் வேண்டாம், கழிவும் வேண்டாம்.

பொங்கோல் பனிப்பித்தன்
6 ஏப்ரல் 2025, காலை 9.30

ஆசிரியர் ஐயா, அந்தப் பறத்தலை நான் நேரலையில் பார்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். குளிர்காலம் முழுவதும் ஏழு மணி நேர வித்தியாசம் என்று கணக்கு வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில்தான் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள், வித்தியாசம் ஆறாகிவிட்டது. மறுநாள் நோன்புப் பெருநாள் என்பதால் அடுத்த வீட்டுக்காரர் அனுப்பிய பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு சாவகாசமாகத் திரையைத் திறந்தேன். 254.5 என்ற எண் ஏற்கெனவே மதிப்பெண் பலகையில் இருந்தது, ஆள்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவன் பகலில் நடந்ததைத் தவறவிட்டேன். ஆகவே என் வாக்கில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கலாம்.

தேக்கா தையற்காரர்
6 ஏப்ரல் 2025, மாலை 6.05

தம்பிமார்களே, நான் இந்த விளையாட்டைப் பேரனால் பார்க்கத் தொடங்கியவன். புள்ளிக் கணக்கு எனக்கு ஓடாது. ஆனால் துணி ஓடும். நாற்பது ஆண்டுகளாகக் கால்சட்டை வெட்டித் தைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பருவத்தின் நாள் மார்ச் 8, ட்ரொன்ஹைம். நீங்கள் இருவருமே அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள்.

உலக வெற்றியாளர் போட்டி நார்வேயின் சொந்த மண்ணில் நடந்தது. முதல் வாரத்தில் சிறிய மலையில் மாரியுஸ் லிண்ட்விக் தங்கம் வென்றிருந்தார். பெரிய மலைப் போட்டிக்கு முன்னால், நார்வே அணியினர் திரை மறைவில் தையல் இயந்திரத்தருகே தாவல் உடைகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும் காணொளி ஒன்று வெளியாயிற்று. தலைமைப் பயிற்றுநர் மாக்னுஸ் பிரெவிக்கும் அங்கே இருந்தார். போட்டியில் லிண்ட்விக் இரண்டாவதாக வந்தார். மற்ற நாடுகள் முறையிட, உடைகளின் தையலைப் பிரித்துப் பார்த்தார்கள். லிண்ட்விக்கும் யோஹான் ஆண்ட்ரே ஃபோர்ஃபாங்கும் தகுதி நீக்கப்பட்டார்கள். தங்கம் டோமன் பிரெவ்ட்ஸிடமே இருக்க, வெள்ளி ஹெர்லுக்கும் வெண்கலம் ரியோயு கோபயாஷிக்கும் போயிற்று. மறுநாள் நார்வே தரப்பே தவற்றை ஒப்புக்கொண்டது.

என்ன செய்தார்கள் என்பதுதான் என் தொழிலுக்கு நெருக்கமானது. கவட்டியில் விறைப்பான நூலை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றும். ஆடிக்காற்றில் கைலி கட்டிக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் துணிதான் காற்றைப் பிடிக்கும், பக்கவாட்டுத் துணி அல்ல. பறக்கும்போது பலகைகளை முன்புறம் விரித்து வைக்கிறார்கள், கால்கள் அகலுகின்றன, கவட்டி தாழ்ந்திருந்தால் அந்த முக்கோணம் பாய்மரமாகிவிடும். அதனால்தான் உடல் அளவுக்கும் உடை அளவுக்கும் இடையே சில சென்டிமீட்டருக்கு மேல் தளர்ச்சி கூடாது என்றும், துணி குறிப்பிட்ட அளவு காற்றை ஊடுருவ விட வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறார்கள். பேரன் படித்துக் காட்டினான், சதுர மீட்டருக்கு நொடிக்குக் குறைந்தது 40 லிட்டராம். வெறும் துணி நடுவில் தொய்ந்தால் காற்றில் படபடக்கும், பயன் இல்லை. விறைப்பான நூல் உள்ளே ஓடினால் தொய்வு விழாது, முக்கோணம் இழுத்துக் கட்டியதுபோல நிற்கும். சட்டைக் கழுத்துப்பட்டிக்குள் நாங்கள் கேன்வாஸ் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். வெளியிலிருந்து எவ்வளவு தடவினாலும் தெரியாது; பிரித்தால்தான் தெரியும்.

இந்தப் பருவத்தில் உடைகளில் மின்னணுச் சில்லு பொருத்தி, ஒப்புதல் பெற்ற உடை இதுதான் என்று அடையாளம் வைத்தார்கள். சில்லு உடையை அடையாளம் காட்டும். சில்லு வைத்த பிறகு அதே உடையை இரவில் பிரித்துத் தைத்தால் சில்லுக்கு என்ன தெரியும்? பூட்டு பூட்டியபடியே இருக்க, கூரை ஓட்டைப் பிரித்து இறங்கிய கதை.

கிளமெண்டி வாசகி
6 ஏப்ரல் 2025, இரவு 9.21

ஐயாவின் விளக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். நான் நான்காவது நாள் ஒன்றைச் சொல்கிறேன், யாரும் அதைத் தொடவில்லை: 30 டிசம்பர் 2024.

ஆண்களுக்கு நான்கு மலைத் தொடர் 1953 முதல் நடக்கிறது. பெண்களுக்கு அது இன்னும் இல்லை. கார்மிஷ், ஓபர்ஸ்டார்ஃப் என்ற இரண்டு மலைகளில் மட்டும் புத்தாண்டை ஒட்டி ஒரு சிறு தொடர் நடக்கிறது. அதில் கார்மிஷின் தகுதிச் சுற்றை ஜெர்மனியின் செலினா ஃப்ரைடாக் வென்றார். பரிசாகக் கிடைத்தவை ஷாம்பூ, குளியல் திரவம், கைத்துண்டுகள். ஆண்கள் தகுதிச் சுற்றில் வெல்பவருக்கு 3,000 சுவிஸ் பிராங்க், நம் கணக்கில் ஏறத்தாழ நாலரை ஆயிரம் வெள்ளி. அவர் அதைச் சண்டையாக்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செய்தி அதனால்தான் அவ்வளவு தூரம் பரவியது என்று நினைக்கிறேன்.

எனக்கு இது வேறு இடத்தில் உறைத்தது. உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது வட்டார அளவிலான ஓட்டம் ஒன்றில் நான் முதலாவதாக வந்தேன். பையன்களுக்குச் சுழற்கிண்ணம், எங்களுக்கு மூடியோடு கூடிய நெகிழிக் கிண்ணங்கள், மூன்று அளவுகளில். அம்மா மகிழ்ந்து போனார். அவற்றுள் நடுவிலானது இன்றும் என் வீட்டில் புளி வைக்கப் பயன்படுகிறது. முப்பது ஆண்டுகளில் மூடி மட்டும்தான் உடைந்திருக்கிறது. தரமான பொருள்தான், குறை சொல்வதற்கில்லை.

இந்த இழையில் ஸ்லோவேனியாவின் நிக்கா பிரெவ்ட்ஸ் பெயர் இதுவரை வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 2005-இல் பிறந்தவர். ட்ரொன்ஹைமில் சிறிய மலை, பெரிய மலை இரண்டிலும் தங்கம். உலகக் கிண்ணம் தொடர்ந்து இரண்டாவது பருவமாக அவருடையது. மார்ச் மாதம் விக்கர்சுண்டில் 236 மீட்டர் பறந்தார். பெண்களில் யாரும் அதுவரை அவ்வளவு தூரம் பறந்ததில்லை. பெண்களுக்கு மிகப் பெரிய வகை மலையான பறத்தல் மலையில் போட்டி வைக்கத் தொடங்கியதே 2023-இல்தான். அந்த ஆண்டு எமா கிளினெட்ஸ் 226, மறு ஆண்டு சில்யே ஓப்செத் 230.5, இப்போது 236. இரண்டே ஆண்டுகளில் பத்து மீட்டர். ஆண்கள் எட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு மீட்டர் முன்னேறியதற்கு ஆசிரியர் நடைமேடையில் நடந்து பார்த்திருக்கிறார். நிக்காவுக்கும் ஒருமுறை நடக்கலாம்.

ஈசூன் கணக்காசிரியர்
6 ஏப்ரல் 2025, இரவு 9.58

நியாயமான குட்டு, ஏற்றுக்கொள்கிறேன். டோமனும் நிக்காவும் அண்ணன் தங்கை, மூத்தவர் பீட்டர் சென்ற ஆண்டுதான் ஓய்வு பெற்றார் என்பதையாவது நான் எழுதியிருக்க வேண்டும். 2015–16 பருவத்தில் பதினைந்து போட்டிகளை வென்ற குடும்பத் தலைமகன் ஒதுங்கிய மறு பருவத்திலேயே, தம்பி பெரிய மலையிலும் தங்கை இரண்டு மலைகளிலும் உலக வெற்றியாளர்கள் ஆகிவிட்டார்கள்.

காலாட்படைத் தம்பி
7 ஏப்ரல் 2025, இரவு 10.40

முகாமிலிருந்து எழுதுகிறேன், ஆதலால் சுருக்கமாக. யாராவது கோபயாஷி ஐஸ்லாந்தில் 291 மீட்டர் பறந்ததைச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். உண்மையான உலகச் சாதனை அதுதானே? 254.5-க்கு ஏன் இத்தனை ஆரவாரம்?

பொங்கோல் பனிப்பித்தன்
7 ஏப்ரல் 2025, இரவு 11.02

தம்பி, அது 2024 ஏப்ரலில் அக்குரேரி அருகே அவர் ஒருவருக்காகவே ரெட் புல் நிறுவனம் அமைத்த சரிவில் நடந்தது. அவர் பறந்தது உண்மை, தூரமும் உண்மை. ஆனால் போட்டி இல்லை, மற்றவர் இல்லை, விதிப்படியான மலை இல்லை. அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனமும் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. பிளானிட்சா மலைக்கு எல்லை அளவு 240 மீட்டர். அதைத் தாண்டிச் சரிவு தட்டையாகிக்கொண்டே வரும், தரை எழும்பி முழங்காலில் அடிக்கும். அங்கே 254.5-இல் நின்று காட்டுவது ஒன்று, நீளமாக வடிவமைத்த சரிவில் நீளமாகப் பறப்பது இன்னொன்று.

காலாட்படைத் தம்பி
9 ஏப்ரல் 2025, இரவு 10.15

சரி அண்ணா, புரிகிறது. தையற்கார ஐயா சொன்னதைப் பற்றி ஒரு சேர்க்கை. விடுப்பில் வந்தபோது செந்தோசாவில் உள்ள ஐஃப்ளை காற்றுச் சுரங்கத்துக்குப் போயிருந்தேன். கீழிருந்து மேலாகக் காற்று அடிக்கும், குப்புறப் படுத்து மிதக்க வேண்டும். முதல் நிமிடம் நான் கல்லைப் போல வலையில் கிடந்தேன். பயிற்றுநர் என் உள்ளங்கையைப் பிடித்து ஒரு விரல்கடை அளவுக்குத் திருப்பினார். உடம்பு முழுவதும் எழும்பிவிட்டது. மணிக்கட்டை மறுபடி பழையபடி வைத்தேன், இறங்கிவிட்டேன். எனக்குக் கொடுத்த உடை என் அளவைவிடப் பெரியது, தோளில் துணி உப்பிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்த நண்பன் என்னைவிட ஒல்லி, அவனுக்கு இறுக்கமான உடை. அவன் மிதக்க என்னைவிட அதிகமாகப் பாடுபட்டான். இது அறிவியல் சோதனை இல்லை என்று எனக்குத் தெரியும்; அவனுக்குப் பயமும் அதிகம். இருந்தாலும், பலகையோடு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், சறுக்குத் தடத்தின் முனையான தாவுமேசையை விட்டுக் கிளம்புகிறவருக்கு ஒரு சென்டிமீட்டர் துணி என்ன செய்யும் என்பதை அன்று என் உள்ளங்கையில் உணர்ந்தேன். என் வாக்கு மார்ச் 8-க்கு.

பொங்கோல் பனிப்பித்தன்
9 ஏப்ரல் 2025, இரவு 11.20

வாக்குகள் மார்ச் 8 பக்கம் சாய்வதைக் கண்டு எனக்கு வருத்தமே. விளையாடியவர்களின் பருவத்தைத் தைத்தவர்களின் பருவமாக எழுதிவைப்பது நியாயமா? பியுஸ் பாஷ்கே என்ற ஒருவரை யாரும் குறிப்பிடவில்லை. 34 வயதில், வாழ்நாளின் பெரும்பகுதியை நடுவரிசையில் கழித்தவர், பருவத்தின் முதல் எட்டுப் போட்டிகளில் ஐந்தை வென்று, உலகக் கிண்ணப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிந்தார். ஹன்னவால்டுக்குப் பிறகு கழுகைக் காணாத ஜெர்மனி, டிசம்பர் முழுவதும் அவரை நம்பிக்கொண்டிருந்தது. நான்கு மலைத் தொடர் வந்தது, அவருடைய தாவுதலில் ஏதோ ஒரு நூலிழை பிசகிற்று, மஞ்சள் சட்டை கைமாறிவிட்டது. ஒரு மோசடியும் இல்லை, விபத்தும் இல்லை. தாவுமேசை விளிம்பில் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எழும்ப வேண்டும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் பத்து மீட்டர் போய்விடும். அந்த நேரம் ஒருவருக்கு நவம்பரில் வாய்த்து ஜனவரியில் நழுவிவிடுகிறது. நான் இந்த விளையாட்டைப் பார்ப்பது இதற்காகத்தான். கவட்டித் தையலுக்காக அல்ல.

தேக்கா தையற்காரர்
10 ஏப்ரல் 2025, காலை 7.15

தம்பி, கோபம் வேண்டாம். நான் அவர்களைக் கொண்டாடச் சொல்லவில்லை. மார்ச் 8-க்குப் பிறகு எஞ்சிய போட்டிகளுக்கு ஆளுக்கு ஒரே உடை என்று கட்டுப்படுத்தி, அதையும் சம்மேளனமே பொறுப்பில் வைத்துக்கொண்டது என்று பேரன் சொன்னான். அப்படியானால் உங்கள் ஆசிரியர் மெச்சும் 254.5 மீட்டர், பூட்டி வைத்துக் கொடுத்த ஒற்றை உடையில் பறந்தது. ட்ரொன்ஹைம் நடந்திராவிட்டால் பிளானிட்சாவைப் பார்த்தும் ஏதாவது ஒருவர் மூக்கைச் சுளித்திருப்பார். இரண்டு நாள்களும் ஒரே துணியின் இரண்டு பக்கம்.

நெறியாளர்
10 ஏப்ரல் 2025, பிற்பகல் 1.00

நார்வே அணியின் தனிப்பட்ட உறுப்பினர்களைப் பற்றி ஊகமாக எழுதப்பட்ட இரண்டு பதிவுகளை நீக்கியுள்ளோம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. வெளிவந்த செய்திகளோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஈசூன் கணக்காசிரியர்
24 ஆகஸ்ட் 2025, இரவு 8.33

நான்கு மாதம் உறங்கிய இழையைத் தட்டி எழுப்புவதற்குப் பொறுத்தருள்க. லிண்ட்விக், ஃபோர்ஃபாங் இருவருக்கும் முடிவு வந்துவிட்டது. மூன்று மாதத் தடை, தலா 2,000 சுவிஸ் பிராங்க் அபராதம், இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். உடையில் செய்யப்பட்ட மாற்றம் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, ஆனால் இரவில் நடந்த தையல் வேலையைப் பற்றி அவர்கள் கேட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதே விசாரணையின் நிலைப்பாடு. சிறிய மலையில் லிண்ட்விக் வென்ற தங்கம் அவரிடமே இருக்கிறது. பயிற்றுநர் தரப்பு வழக்கு தனியே நடக்கிறது.

எனக்கு இது செரிக்கவில்லை. நடுவர் அரைப் புள்ளியில் கழுகு கைமாறுவதை ஏற்கலாம், அது பிழை எல்லை. ஆனால் உடம்போடு ஒட்டிய உடையில் மாற்றம் நடந்தது உடுத்தியவருக்குத் தெரியவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? தையற்கார ஐயாதான் சொல்ல வேண்டும்.

கிளமெண்டி வாசகி
24 ஆகஸ்ட் 2025, இரவு 9.10

ஆண்கள் தகுதிச் சுற்று ஒன்றை வெல்பவருக்கு 3,000 பிராங்க். உலக வெற்றியாளர் போட்டியில் விதி மீறிய உடையோடு தாவியதற்கு 2,000 பிராங்க். ஒரு சனிக்கிழமை காலையில் அபராதத்தைக் கட்டிவிட்டு மீதிக்கு ஷாம்பூவும் வாங்கலாம்.

தேக்கா தையற்காரர்
25 ஆகஸ்ட் 2025, காலை 7.02

ஆசிரியர் தம்பி கேட்டதற்குப் பதில். நீங்கள் எதிர்பார்ப்பது வேறாக இருக்கலாம்.

என் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் இருபது ஆண்டுகளாக வந்தார். இடுப்பு ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போயிற்று. அவர் மனைவி தனியே வந்து, அவரிடம் சொல்லாமல் விட்டுத் தைக்கச் சொல்வார். பின்தையலில் நான் விட்டு வைத்திருந்த துணியை ஒவ்வொரு முறையும் கால் அங்குலம் பிரித்து விடுவேன். "நீ தைத்த கால்சட்டைதான் எனக்கு இன்றும் அப்படியே பொருந்துகிறது" என்று அவர் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டி ஒரு நூல் கூடினால் சண்டைக்கு வருகிறவர்கள், கவட்டித் தையலைத் திருப்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை. அதனால் தெரியாது என்று விசாரித்தவர்கள் சொல்வதை நான் நம்புவேன். மூன்று மாதம் போதுமா என்பது வேறு கேள்வி, அது என் தொழில் இல்லை.

தைத்தவனுக்குத் தெரியும். அவனுக்கு எத்தனை மாதம் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொங்கோல் பனிப்பித்தன்
25 ஆகஸ்ட் 2025, இரவு 10.48

ஐயா, உங்களுக்காக ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: தலைப்பில் நான் ஒரு நாளைத்தான் கேட்டேன், ஜனவரி 6-ஐயும் மார்ச் 8-ஐயும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். நிக்காவின் பெயரை முதல் பதிவில் விட்டது என் பிழை.

அடுத்த நான்கு மலைத் தொடர் ஓபர்ஸ்டார்ஃபில் டிசம்பர் 29, திங்கட்கிழமை. நமக்கு இரவு 11.30 மணி; இந்த முறை கடிகாரத்தை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். மறுநாள் விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தம்பிக்கு முகாமிலிருந்து விடுப்புக் கிடைத்தால் பொங்கோலுக்கு வரலாம், ஐயா பேரனை அழைத்து வர வேண்டும், வாசகி அக்காவிடம் ஒரு வேண்டுகோள்: சுண்டலுக்கு அந்த நடுக்கிண்ணத்தைக் கொண்டு வாருங்கள், மூடி இல்லாவிட்டால் பரவாயில்லை.